கண்ணாடித் தள மின் அடுப்பு: பாத்திரத்தின் அடியைப் பார்த்து வாங்குங்கள்

கண்ணாடித் தளம் கொண்ட மின் அடுப்புகள் நம் கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகையாக விற்கப்படுகின்றன. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அவை இயங்கும் விதம் வேறு. ஆகவே அவற்றுக்குப் பொருந்தும் பாத்திரங்களும் வேறு. இண்டக்‌ஷன் அடுப்பில், கண்ணாடிக்கு அடியிலுள்ள செம்புக் கம்பிச் சுருள் வேகமாக மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்க, அது பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்டிப் பாத்திரத்தையே சூடாக்குகிறது. கண்ணாடிக்கு வரும் சூடு பெரும்பாலும் பாத்திரத்திலிருந்து திரும்பி இறங்குவதுதான். இன்ஃப்ராரெட் அடுப்பில் அடியிலுள்ள கம்பி சிவக்கக் கனன்று வெப்பத்தைக் கண்ணாடி வழியே மேலே அனுப்புவதால், கண்ணாடியே கடுமையாகச் சுடும். எந்த வகையானாலும், அணைத்த பிறகும் சில நிமிடங்களுக்குத் தளத்தில் கை வைக்கக் கூடாது.

இண்டக்‌ஷனுக்குப் பாத்திரம் வாங்கச் செல்லும்போது ஒரு சிறு காந்தத்தைக் கையோடு எடுத்துச் செல்வது, கடைக்காரர் தரும் உறுதிமொழியைவிட நம்பகமானது. பாத்திரத்தின் அடியில் காந்தம் இறுக்கமாக ஒட்டினால் அது வேலை செய்யும். அலுமினியம், பித்தளை, செம்பு, மண்சட்டி, கல்சட்டி ஆகியவை இதில் சூடேறா. எவர்சில்வரில்தான் குழப்பம் வருகிறது. நிக்கல் அதிகம் கலந்த 304 ரகம் துருவுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும் என்றாலும் அதில் காந்தம் ஒட்டாது. நிக்கல் சேர்க்காத 430 ரகத்தில் ஒட்டும். உட்புறம் 304, நடுவே அலுமினியம், வெளி அடியில் 430 என மூன்று அடுக்காகச் செய்த கனமான பாத்திரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பது வீண்போகாது. மெல்லிய ஒற்றை அடுக்குப் பாத்திரத்தில் பொங்கலோ பாயசமோ வைத்தால், சுருளுக்கு நேர்மேலே வட்டமாக அடிப்பிடித்துவிடும்.

அடி சமதளமாக இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்து ஓர் அளவுகோலைக் குறுக்கே நிறுத்திப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். உருண்டை அடி கொண்ட இரும்புச் சட்டியில் காந்தம் ஒட்டினாலும், தளத்தைத் தொடும் பரப்பு மிகக் குறைவு என்பதால் பயனில்லை. அடியின் குறுக்களவு ஏறத்தாழ 12 செ.மீ.க்குக் குறைந்தால் பல அடுப்புகள் பாத்திரம் இருப்பதையே உணர்வதில்லை. தாளிப்புக் கரண்டியை வைத்தால் அடுப்பு வெறுமனே ஒலியெழுப்பி நிற்பது இதனால்தான்.

வார்ப்பிரும்புத் தோசைக்கல் இண்டக்‌ஷனுக்கு நன்றாகவே பொருந்தும், ஆனால் பொறுமை வேண்டும். எடுத்த எடுப்பிலேயே முழு வெப்பத்தில் வைத்தால் நடுப்பகுதி மட்டும் காய்ந்து ஓரம் குளிர்ந்தே இருக்கும். இந்த வேறுபாட்டால் கல் விரிசல் விடவும் கூடும். குறைந்த வெப்பத்தில் சில நிமிடங்கள் காயவிட்டு, பிறகு கூட்டுவதே முறை. கல்லின் அடி சொரசொரப்பாக இருப்பதால் அதை இழுத்து நகர்த்தாமல் தூக்கியே வைக்க வேண்டும்.

காந்தம் ஒட்டாத பாத்திரத்துக்கு அடியில் வைப்பதற்கென்று விற்கப்படும் இரும்புத் தட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். தட்டு அளவுக்கு மீறிச் சூடேறி, கண்ணாடியையும் அதன் கீழுள்ள சுருளையும் வாட்டும்.

இன்ஃப்ராரெட் அடுப்பு எந்த உலோகத்தையும் ஏற்கும் என்றாலும், அலுமினியப் பாத்திரத்தை உரசினால் கண்ணாடியில் சாம்பல் நிறக் கோடுகள் படியும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பை இதில் வெறுமையாக வைக்கவே கூடாது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்.

2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். ஆகவே மிக்சிக்குப் பயன்படும் 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாற்றுப் பிளக் போட்டு இணைப்பது தீயை வரவழைப்பதாகும். 16 ஆம்பியர் சாக்கெட் கட்டாயம். அடுப்பின் கீழ் துணியோ செய்தித்தாளோ விரித்தால் காற்றுத் துளைகள் அடைபடும். சமையல் முடிந்ததும் உள்ளிருக்கும் விசிறி நிற்கும்வரை சுவர் சுவிட்சை அணைக்காமல் இருப்பது நல்லது.

எண்ணெய் காய்ச்சும்போது அடுப்பை விட்டு நகரக் கூடாது. வெப்பத்தை அளக்கும் உணரி கண்ணாடிக்கு அடியில் இருப்பதால், திரையில் தெரியும் எண் எண்ணெயின் உண்மையான சூடு அல்ல. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே இண்டக்‌ஷனைப் பயன்படுத்த வேண்டும். சுருளிலிருந்து 60 செ.மீ. தள்ளி நிற்குமாறு பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது.

சிந்தியவற்றில் மோசமானது வெல்லப்பாகும் சர்க்கரைப்பாகும்தான். சூடான தளத்தில் அவை ஆறி இறுகும்போது கண்ணாடியின் மேற்பரப்பையே பெயர்த்துவிடக் கூடும் என்பதால், அடுப்பை அணைத்து, சூடு இருக்கும்போதே நீண்ட கைப்பிடியுள்ள சுரண்டியால் கவனமாக ஒதுக்க வேண்டும். மற்றக் கறைகளைத் தளம் ஆறிய பிறகு ஈரத்துணியால் துடைத்தால் போதும். வெண்படலத்துக்குச் சிறிது வினிகர் உதவும். கம்பி நாரும் பாத்திரம் தேய்க்கும் பொடியும் கண்ணாடியைக் கீறும்.

இவ்வகைக் கண்ணாடி வெப்ப மாற்றத்தை நன்றாகத் தாங்கும். குக்கர் மூடியோ குழவியோ விழும் அடியைத் தாங்காது. மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் தளத்தைத் தொடாமல் முதலில் சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும், ஏனெனில் பொங்கி வழியும் நீர் அந்த விரிசல் வழியே உள்ளிறங்கினால் மின்னதிர்ச்சி ஏற்படலாம். பசையால் ஒட்டிச் சமாளிக்காமல், கண்ணாடியைச் சேவை மையத்தில் மாற்றும்வரை அந்த அடுப்பை ஒதுக்கி வையுங்கள்.