சி.டி.என். இணைக்கும்போது பாதையை மறப்பதால் வரும் தவறுகள்

நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாள்களிலும் யாழ்ப்பாணத்து இணையத்தளங்களை ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருப்பவர்கள் திறந்து பார்ப்பதால், இங்கே தளம் நடத்துவோர் உள்ளடக்க விநியோக வலையமைப்பை, அதாவது சி.டி.என். சேவையை, நாடுவது நியாயமானதே. ஆனால் சி.டி.என். தளத்தின் பிரதிகளைப் பல ஊர்களில் வைத்திருந்தாலும், வாசகரின் கோரிக்கை எந்த வழியாகப் போய் எந்தப் பிரதியை அடையும் என்பதில் இணைய வழிப்படுத்தலுக்கே பெரும் பங்கு உண்டு.

வரைபடத்தைப் பார்த்துத் தூரத்தைக் கணிப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. யாழ்ப்பாணத்திலிருந்து நேர்கோட்டில் கொழும்பு ஏறக்குறைய 300 கிலோமீற்றர், சென்னை 380 கிலோமீற்றர். ஆகவே சென்னையில் ஒரு பிரதி இருந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் பாரத் லங்கா கடலடிக் கேபிள் தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையில் செல்கிறது. எனவே அந்த வழியாகச் சென்னைக்குப் போகும் தரவு முதலில் தெற்கே இறங்கித்தான் கடலைத் தாண்ட வேண்டும்.

இதைவிடப் பாரதூரமான தவறு, தளத்தின் அசல் இருக்கும் மூல சேர்வர் எங்கே இருக்கிறது என்பதைக் கவனியாமல் விடுவது. மூல சேர்வர் கொழும்பிலும், வாசகரின் கோரிக்கையை ஏற்கும் சி.டி.என். முனை, அதாவது பிரதிகளை வைத்திருக்கும் சேர்வர், சிங்கப்பூரிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரதி எடுத்து வைக்க முடியாத உள்நுழைவுப் பக்கமொன்றை யாழ்ப்பாணத்து வாசகர் கேட்டால், கோரிக்கை சிங்கப்பூர் சென்று, கொழும்புக்குத் திரும்பி, பதிலும் அதே சுற்றில் வரும். ஏறக்குறைய 2,700 கிலோமீற்றரை நான்கு தடவை கடக்க வேண்டும். ஒளியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீற்றர் செல்வதால், இதற்கு மட்டுமே 50 மில்லிசெக்கனுக்கு மேல் செலவாகும். சி.டி.என். இல்லாமலே அந்தப் பக்கம் விரைவாக வந்திருக்கும். அத்தகைய பக்கங்களைத் தனி உபபெயரில் (சப்டொமைனில்) மூல சேர்வரிலிருந்தே நேரடியாக வழங்கலாம். படங்களுக்கும் காணொளிகளுக்கும் சி.டி.என். போதும்.

ஒரே ஐ.பி. முகவரியைப் பல ஊர்களிலிருந்து அறிவிக்கும் எனிகாஸ்ட் முறையில், மிக அருகிலுள்ள முனையே தானாகக் கிடைக்கும் என்று நம்புவதும் பிழை. வலையமைப்புகளுக்கிடையே பாதையைத் தேர்ந்தெடுக்கும் பி.ஜி.பி. நெறிமுறை வேகத்தையோ தூரத்தையோ அளப்பதில்லை. இணைய வழங்குநர் தனது வணிக உடன்பாடுகளுக்கேற்ப இட்ட முன்னுரிமையையே அது முதலில் பார்க்கும். பாதையில் எத்தனை வலையமைப்புகள் உள்ளன என்பது அதற்குப் பின்புதான். அதனால் தொலைவிலுள்ள முனையின் பாதையில் தமது வலையமைப்பின் எண்ணைத் திரும்பத் திரும்பச் சேர்த்து, அதை நீளமாகக் காட்டுவோரின் முயற்சி பல வேளைகளில் பலிப்பதில்லை. வழங்குநரிடம் பேசி அந்த முன்னுரிமையை மாற்றுவிப்பதே பயன் தரும்.

தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். மூலம் முனையைத் தெரிவு செய்யும் சேவைகளில் இன்னொரு சிக்கல் உண்டு: வாசகர் தொலைதூர டி.என்.எஸ். சேர்வரைப் பயன்படுத்தினால், சி.டி.என். அவரையும் அங்கே இருப்பவராகவே கருதக்கூடும்.

கொழும்பு அலுவலகத்தில் சோதித்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கும் அதுவே பொருந்தும் என்று முடிவு செய்யாதீர்கள். இங்குள்ள வீட்டு இணைப்பிலும் கைபேசி இணைப்பிலும், மாலை நெரிசல் நேரத்தில் தனித்தனியே சோதியுங்கள். கிளவுட்ஃபிளேர் என்ற சி.டி.என். சேவையில், சேர்வர் அனுப்பும் பதிலின் தலைப்பகுதியிலேயே, உங்களை ஏற்ற முனை இருக்கும் ஊரின் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீடு வரும். அது கொழும்பைக் குறிக்கும் சி.எம்.பி.யா, சிங்கப்பூரைக் குறிக்கும் எஸ்.ஐ.என்.னா என்று பாருங்கள்.