பேஸ் ஆம்ப் ஹெட்டில் சத்தம் விட்டுவிட்டு வந்தால்

வாசித்துக்கொண்டிருக்கும்போதே என் பேஸ் ஆம்ப் ஹெட்டில் (பேஸ் கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தனி ஸ்பீக்கர் பெட்டிக்கு அனுப்பும் கருவி) சத்தம் திடீரென அமுங்கிவிடும். தடித்த கம்பியை ஓங்கி அடித்தால் கரகரப்போடு திரும்பி வரும். கேபிள், கிட்டார், ஸ்பீக்கர் பெட்டி எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தும் அதே கதைதான்.

கோளாறு பின்பக்கத்து எஃபெக்ட்ஸ் லூப்பில் இருந்தது. வெளி எஃபெக்ட் கருவிகளை இடையில் இணைக்க உள்ள இரண்டு ஜாக்குகள் அவை: சிக்னல் வெளியே போக சென்ட், திரும்பி வர ரிட்டர்ன். ரிட்டர்ன் ஜாக்கில் எதையும் செருகாதபோது உள்ளே ஒரு சிறு தகடு இன்னொன்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். என் ஹெட்டில் ஒலியைப் பதப்படுத்தும் ப்ரீஆம்பிலிருந்து ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்புக்கு சிக்னல் போவது அந்தத் தொடுமுனை வழியாகத்தான். யாரும் தொடாமல் கிடந்தால் அதில் களிம்பு ஏறிவிடும். சென்ட், ரிட்டர்ன் இரண்டையும் ஒரு குட்டை கேபிளால் இணைத்தேன். சத்தம் முழுசாக வந்துவிட்டது. சந்தேகம் தீர இதைவிட எளிய சோதனை கிடையாது.

பிறகு ஆம்பை அணைத்து, மின்கம்பியை உருவிவிட்டு, ஒரு பிளக்கின் மேல் காண்டாக்ட் கிளீனர் (மின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்து, அந்த ஜாக்கில் பலமுறை செருகி எடுத்தேன். நன்றாகக் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுத்தேன். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டவே வேண்டாம், பிசுக்குத் தங்கித் தூசியை இழுக்கும்.

மூடியைக் கழற்றாமல் முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. வால்வு (கண்ணாடிக் குழாய்) வைத்த ஹெட்டில் அணைத்த பின்னும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். மூடியைத் திறந்து உள்ளே கை வைப்பது பழகிய மெக்கானிக்கின் வேலை.