ஓய்வுபெற்ற கார்னர்பேக்குக்காக வாதிடுவது எப்படி: எவர்சன் வால்ஸை முன்வைத்து

அமெரிக்கக் கால்பந்தில் ஓய்வுபெற்ற ஒரு கார்னர்பேக் சிறந்த ஆட்டக்காரர்களைப் போற்றும் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தகுதியானவரா என்று வாதிடுவது, ஒரு குவார்ட்டர்பேக்கைப் பற்றி வாதிடுவதைவிடக் கடினமான காரியம். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் செய்ததெல்லாம் கெஜக் கணக்கிலும் டச்டவுன் கணக்கிலும் பதிவாகிவிடுகிறது. கார்னர்பேக்கின் வேலையோ அந்தப் பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவரின் கைக்குப் பந்து போய்ச் சேராமல் காப்பது. அதை அவர் எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அவ்வளவுக்குப் பந்து அவர் பக்கம் வருவது குறையும். பந்து வராவிட்டால் ஏட்டில் எழுத எதுவும் இருக்காது. கிரிக்கெட்டில் பாயின்ட் திசையில் தேர்ந்த ஃபீல்டர் ஒருவர் நிற்கும்போது, அந்தப் பக்கம் தட்டிவிட்டு ஓடத் துணியாத மட்டையாளர்களை நினைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் விளங்கும்.

பொதுவிதிகளாகச் சொல்வதைவிட ஒருவரை முன்வைத்துப் பேசுவதே பயன் தரும் என்பதால், நான் எவர்சன் வால்ஸை எடுத்துக்கொள்கிறேன். 1981 முதல் 1993 வரை டல்லஸ் கௌபாய்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ், கிளீவ்லாந்து பிரவுன்ஸ் ஆகிய அணிகளுக்கு ஆடி 57 இடைமறிப்புகள் செய்தவர் அவர். எதிரணி எறிந்த பந்தை நடுவழியில் தானே பிடித்துக்கொள்வதைத்தான் இடைமறிப்பு என்கிறேன். அவர் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்க வேண்டியவர் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கருத்தை எந்த வாதங்களால் நிறுவுவது, கவர்ச்சியாகத் தோன்றும் எந்த வாதங்களைக் கைவிடுவது என்பதே இங்கே பேச்சு.

வாதத்தில் இறங்குமுன் தேர்வு எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் 1963-இல் திறக்கப்பட்ட இந்த அமைப்புக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது சுமார் 50 பேர் கொண்ட குழு. அவர்களில் பெரும்பாலோர் விளையாட்டுச் செய்தியாளர்கள். ஆட்டக்காரர் ஓய்வுபெற்று 5 ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். 2025-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து நடைமுறை கடுமையாகிவிட்டது: இறுதிச் சுற்றின் 15 பேர் முதலில் 10 ஆகவும் பிறகு 7 ஆகவும் குறைக்கப்பட, அந்த எழுவரில் ஐவருக்கு மட்டுமே ஒவ்வொருவரும் வாக்களிக்கலாம், உள்ளே போக 80 விழுக்காடு ஆதரவு வேண்டும். அந்த ஆண்டு எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து நான்கு பேர்தான் தேறினர். அவர்களில் ஒருவர் கார்னர்பேக் எரிக் ஆலன்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘தகுதியானவரா?’ என்ற ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஏற்கெனவே உள்ளே இருக்கும் கார்னர்பேக்குகளின் வரிசையில் இவர் பொருந்துகிறாரா என்பது ஒன்று. இந்த ஆண்டு போட்டியிடும் மற்றவர்களை விலக்கிவிட்டு இவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்பது இன்னொன்று. ஒருவர் முதற்கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்க, எதிரே இருப்பவர் இரண்டாவதற்கு மறுப்புச் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் பல விவாதங்கள் மணிக்கணக்கில் நீண்டும் எங்கும் போய்ச் சேருவதில்லை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். வால்ஸைப் பொறுத்தவரை நான் பேசுவது முதற்கேள்வியைப் பற்றி.

களத்துக்கு வெளியே நடந்தவற்றை எடுத்துவராதீர்கள். 2007-இல் வால்ஸ் தம் பழைய சக ஆட்டக்காரர் ரான் ஸ்பிரிங்ஸுக்குத் தம் சிறுநீரகங்களில் ஒன்றைத் தானமாகக் கொடுத்தார். நான் அவரை மதிப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் களத்தில் செய்ததை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும் என்று ஹால் ஆஃப் ஃபேமின் விதி சொல்வதால், தேர்வுக்கான வாதத்தில் அதற்கு இடமில்லை. அந்த விதியை நமக்குச் சாதகமான இடத்தில் மீறினால், வேறொருவரின் குற்றங்குறைகளை எதிர்த்தரப்பு கிளறும்போது தடுக்கும் உரிமை நமக்கு இராது.

இனி எண்களுக்கு வருவோம். இடைமறிப்பு எண்ணிக்கையை மட்டும் காட்டி யாரையும் உள்ளே அனுப்பவும் முடியாது, வெளியே நிறுத்தவும் முடியாது. டரெல் ரீவிஸின் மொத்த இடைமறிப்புகள் 29 மட்டுமே. ஆயினும் 2023-இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே அவர் தேர்வானார். தேர்ந்த குவார்ட்டர்பேக்குகளே அவர் பக்கம் எறியத் தயங்கியதை எல்லாரும் கண்டிருந்தனர். ஒவ்வோர் ஆண்டின் மிகச் சிறந்தவர்களின் பட்டியலான ஆல்-புரோ முதல் அணியில் நான்கு முறை அவர் இடம்பெற்றார். அதே 2023-இல்தான் சின்சினாட்டி பெங்கால்ஸின் கென் ரைலியும் தேர்வானார். 65 இடைமறிப்புகள் செய்தும், பருவத்தின் சிறந்தவர்களுக்கான புரோ பவுல் ஆட்டத்துக்கு ஒருமுறைகூட அழைக்கப்படாத ரைலி 1983-இல் ஓய்வுபெற்றவர். தமக்கு வந்த மரியாதையைக் காணாமலேயே 2020-இல் இறந்துபோனார். இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்ப்பது, எண்ணிக்கையைத் தனியே தூக்கிப் பிடிக்கும் எவருக்கும் நல்ல பாடம்.

எண்ணிக்கையில் அடங்காத பங்களிப்புகளும் உண்டு. ராண்டே பார்பர் 47 இடைமறிப்புகளோடு 28 முறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியவர். சிகாகோவின் சார்லஸ் டில்மனோ எதிராளியின் கையிலிருக்கும் பந்தைக் குத்தித் தட்டிவிடுவதையே ஒரு கலையாக வளர்த்து, 2012-ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 10 முறை அதைச் செய்தார். நீங்கள் வாதிடும் ஆட்டக்காரருக்கு இத்தகைய தனிச்சிறப்பு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். வால்ஸுக்கு அப்படி எதுவும் இல்லை. அவர் பலமெல்லாம் பந்தைப் பறிப்பதில்தான்.

எண்களுக்கு உயிர் கொடுப்பது காலம். 1970-களில் எறியப்பட்ட ஒவ்வொரு நூறு பந்திலும் சராசரியாக ஐந்து இடைமறிக்கப்பட்டன. இப்போது இரண்டு சொச்சம்தான். ஆட்டங்களின் எண்ணிக்கையும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது: ‘நைட் டிரெயின்’ லேன் 1952-இல் 14 இடைமறிப்புகள் என்ற சாதனையைப் படைத்தபோது ஒரு பருவத்துக்கு 12 ஆட்டங்கள், 1978-இல் 16, 2021 முதல் 17. எல்லாவற்றையும்விட முக்கியம் 1978-இன் விதிமாற்றம். தொடங்கும் கோட்டிலிருந்து 5 கெஜத்துக்கு அப்பால் ரிசீவரைத் தொட்டுத் தடுக்கக் கூடாது என்ற அந்த விதி, ரிசீவர்களை முரட்டுத்தனமாக மடக்கிய பிட்ஸ்பர்க்கின் மெல் பிளவுன்ட்டின் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

பிளவுன்ட்டின் மொத்த இடைமறிப்புகளும் சரியாக 57. ஆனால் அவருடைய ஆட்டக்காலத்தின் பெரும்பகுதி அந்த விதிக்கு முந்தையது. வால்ஸ் செய்த 57-உம் விதிக்குப் பிந்தையவை. இதனால் வால்ஸ் பிளவுன்ட்டைவிடச் சிறந்தவர் என்று சொல்லிவிட முடியாது. லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் நான்கு வெற்றிகளும் 1975-இன் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதும் பெற்றவர் பிளவுன்ட். வால்ஸின் 57 மலிவான 57 அன்று என்பதை மட்டுமே இந்த ஒப்பீடு காட்டுகிறது, அதற்கு மேல் இதை இழுக்கக் கூடாது. 1982-இல் வேலைநிறுத்தத்தால் பருவம் 9 ஆட்டங்களாகச் சுருங்கியபோதும் வால்ஸ் 7 பந்துகளைப் பறித்தார். 1981-இல் அறிமுகப் பருவத்திலேயே 11, 1985-இல் 9. இந்த மூன்று பருவங்களிலும் லீக் முழுவதிலும் அவரே முதலிடம்.

அடுத்து, 1978-க்குப் பிறகு ஆடத் தொடங்கி ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போன கார்னர்பேக்குகள் சிலரோடு அவரை நிறுத்திப் பாருங்கள். ஈனியஸ் வில்லியம்ஸ் 55, டரல் கிரீன் 54, எரிக் ஆலன் 54, டியான் சாண்டர்ஸ் 53, டை லா 53, சாம்ப் பெய்லி 52. ஆறு பேருமே வால்ஸுக்குக் கீழே. இங்கே நேர்மை தவறக் கூடாது: சாண்டர்ஸும் பெய்லியும் பந்து வராத பக்கத்தைக் காத்தவர்கள், வந்த சிலவற்றிலேயே இத்தனை எடுத்தவர்கள், அவர்களோடு வால்ஸைச் சமப்படுத்தினால் உங்கள் வாதம் அங்கேயே முறிந்துவிடும். ஒப்பிட வேண்டியது கிரீனோடும் ஆலனோடும்தான். மூவருமே தலைக்கு ஒருமுறை ஆல்-புரோ முதல் அணியில் இடம்பெற்றவர்கள். வால்ஸுக்கு அது 1983-இல் வாய்த்தது. புரோ பவுல் கணக்கில் கிரீனுக்கு 7, ஆலனுக்கு 6, வால்ஸுக்கு 4. இடைவெளி இருக்கிறது, அவர்களை உள்ளே வைத்து இவரை வெளியே நிறுத்தும் அளவுக்குப் பெரிய இடைவெளி அன்று.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நீங்களே எடுத்துச் சொல்வது நல்லது. மற்றவர் சொல்லக் காத்திருந்தால் பாதி வழக்கு போய்விடும். அது இதுதான்: வால்ஸ் வேகமானவர் அல்லர்; துணிந்து பாய்ந்து பந்தைப் பறிக்க முயல்பவர்; ஆகவே எதிரணிகள் அவர் பக்கம் நிறைய எறிந்தன, அவருக்கு வாய்ப்புகளும் நிறையக் கிடைத்தன. இதில் உண்மை உண்டு. கிராம்பிளிங் கல்லூரியில் இடைமறிப்புகளைக் குவித்த அவரை எந்த அணியும், கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுக்காமல் விட்டதற்கு அந்த வேகக் குறைவே காரணம். ஆனால் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும்: பலவீனமான இடம் என்று கருதி எறிந்தவர்கள், 1981-இல் 11 பந்துகளை இழந்த பிறகும் 1982-இலும் 1985-இலும் ஏன் மீண்டும் மீண்டும் இழந்தார்கள்? ஒரு பருவத்தின் எண்ணிக்கையை அதிர்ஷ்டம் என்று தள்ளலாம். ஐந்தே பருவங்களில் மூன்று முறை முதலிடம் என்பது, குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் படித்துப் பந்து போகும் இடத்தை முன்கூட்டியே அறியும் திறமைக்குச் சான்று. 1990-இல், பத்தாவது பருவத்தில், ஜயன்ட்ஸுக்காக ஆடியபோதும் அவர் 6 பந்துகளைப் பறித்தார்.

ஒரே ஒரு காட்சியை வைத்து ஒருவரை மதிப்பிடும் பழக்கத்தை எதிர்க்கத் தயாராக இருங்கள். 1982 ஜனவரி 10 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த, லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான என்.எஃப்.சி.யின் இறுதிப் போட்டியில், ஜோ மொன்டானா உயர எறிந்த பந்தை டுவைட் கிளார்க் எம்பிப் பிடிக்க, ஃபார்ட்டிநைனர்ஸ் 28-27 என்று வென்றது. கிளார்க்கின் பின்னால் கைநீட்டி எட்டாமல் நிற்பவர் வால்ஸ். அந்தப் புகைப்படம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவரை நிழல்போலத் தொடர்கிறது. அதே ஆட்டத்தில் அவர் இரண்டு இடைமறிப்புகளும், கீழே விழுந்த ஒரு பந்தின் மீட்பும் செய்திருந்தார் என்பதைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. 1991 ஜனவரியில் நடந்த 25-ஆவது சூப்பர் பவுலின் கடைசி நிமிடங்களில், திறந்தவெளியில் ஓடிவந்த பஃபலோவின் தர்மன் தாமஸை வீழ்த்தி ஜயன்ட்ஸின் 20-19 வெற்றியைக் காத்தவரும் இவரே. படத்துக்கு எதிராகப் படத்தைக் காட்டி வாதத்தை முடித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றைக் காட்டினால் மற்றதையும் காட்ட வேண்டும் என்கிறேன்.

அணியின் தோல்விகளை ஆட்டக்காரர் மீது ஏற்றுவதும் இதே வகைத் தவறு. வால்ஸ் இருந்த ஆண்டுகளில் டல்லஸ் ஒருமுறைகூடச் சூப்பர் பவுலை எட்டவில்லை. 1989-இல் ஒரே ஓர் ஆட்டத்தில் வென்று 15-இல் தோற்றது. கார்னர்பேக் ஒருவரால் அதை மாற்றியிருக்க முடியாது.

சுருக்கக் காட்சிகளை விட்டுவிட்டு, பழைய ஆட்டங்களை முழுமையாகப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. அப்போது பந்தைப் பின்தொடராமல் உங்கள் கார்னர்பேக்கை மட்டும் பாருங்கள். ரிசீவரிடமிருந்து எவ்வளவு இடைவெளி விட்டு நிற்கிறார், ஒரே ரிசீவரைப் பின்தொடர்ந்து காக்கிறாரா அல்லது ஒரு பகுதியைக் காக்கிறாரா, பந்தோடு ஓடிவருபவரை வீழ்த்த முன்வருகிறாரா, பத்து கெஜம் முன்னேறுவதற்கான நான்கு முயற்சிகளில் மூன்றாவதில் எதிரணி அவர் பக்கம் நோக்குகிறதா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சிப் படம் பல நேரங்களில் கார்னர்பேக்கைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிடும். அப்படி விட்டுப்போன இடங்களை ஊகத்தால் நிரப்பாதீர்கள்.

குறுகிய கால உச்சமா, நீண்டகால நீடிப்பா என்பதில், ஒப்பிடப்படும் இருவருக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும். ரெய்டர்ஸின் லெஸ்டர் ஹேஸ் 1980-இல் 13 இடைமறிப்புகள் செய்து சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருது பெற்றார். அவர் பயன்படுத்திய, கையில் பூசும் பசைக்கு 1981-இல் தடை வந்தது. மொத்தம் 39-ஓடு முடித்தார். அவரையும் நான் ஆதரிப்பேன், ஆனால் அது உச்சத்தின் வழக்கு. வால்ஸின் வழக்கு இரண்டும் கலந்தது. ஒருவருக்கு உச்சத்தையும் மற்றவருக்கு நீடிப்பையும் வேண்டியபடி மாற்றி மாற்றி எடுத்தால், கேட்பவர் உங்கள் அளவுகோலையே நம்பமாட்டார்.

வால்ஸ் தகுதிக்காலத்தின் 20-ஆவதும் கடைசியுமான ஆண்டாகிய 2018-இல்தான் முதன்முறையாக இறுதிச் சுற்றை எட்டினார், தேர்வாகவில்லை. இப்போது அவர் ரைலி கடந்துவந்த மூத்தோர் பிரிவில் இருக்கிறார். அந்தப் பிரிவின் மூன்று இறுதிப் போட்டியாளர்கள், ஒரு பயிற்சியாளரோடும் அணி உரிமையாளர் போன்ற ஒரு பங்களிப்பாளரோடும் ஒரே வாக்கெடுப்பில் மோத வேண்டியிருப்பதால், அவருடைய பெயர் அந்த மூவரில் ஒன்றாக வருவதே முதல் வேலை. எந்த ரசிகரும் கேன்டனிலுள்ள ஹால் ஆஃப் ஃபேமுக்குக் கடிதம் எழுதித் தகுதியான ஆட்டக்காரரின் பெயரை முன்மொழியலாம். அப்படி எழுதுவீர்களானால் மேலே சொன்னவற்றில் மூன்றை மட்டும் எழுதுங்கள்: விதிமாற்றத்துக்குப் பிறகு 57, மூன்று முறை லீக்கில் முதலிடம், கிரீனோடும் ஆலனோடும் ஒப்பீடு.