காதிலிருந்து வரையத் தொடங்குங்கள்

குழந்தைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுக்கிறேன். எல்லோரும் காதைக் கடைசியில்தான் ஒட்டவைப்பார்கள்: உடல், கால், வால் முடிந்ததும் தலைக்கு மேல் இரண்டு முக்கோணம். நானும் அந்த ரகம்தான். ஒருநாள் பனிநரி வரைந்து, அழகுக்காகக் காதை நீட்டி வைத்தேன். எட்டு வயதுச் சிறுமி எட்டிப் பார்த்தாள். "பாவம், அதற்குக் காது குளிருமே!" என்றாள். அன்றிலிருந்து என் வகுப்பில் காதுதான் முதல் கோடு.

பென்சிலை எடுக்கும்முன், அந்த விலங்கு வாழும் இடம் சுடுமா குளிருமா என்று கேளுங்கள். காதுமடல் மெல்லியது; ரத்தக் குழாய்கள் தோலை ஒட்டியே ஓடுகின்றன. உடல் சூடு வெளியேற வாகான இடம் அது. சகாராவின் ஃபென்னெக் நரி ஒன்றரை கிலோ அளவில் இருக்கும் சின்ன உருவம். காது மட்டும் 15 செ.மீ. வரை நீளும். பனிநரிக்கோ மயிர் அடர்ந்த, உருண்டையான குட்டைக் காது. குளிர்ப் பகுதி விலங்குகளின் காது, கால், வால் குறுகியிருக்கும் என்று 1877-இல் அமெரிக்க விலங்கியலாளர் ஜோயல் ஆலன் எழுதினார். விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் முதல் கோடு போட இது போதும்.

யானைக் காதை நம் பழம் புலவர்கள் 'முறஞ்செவி' என்றார்கள். வரைபவருக்கு இதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது. முறத்தைப் போல அகன்றது மட்டுமல்ல, அசையவும் அசைகிறது. அசைய அசைய அதில் ஓடும் ரத்தம் குளிர்ந்து உடலுக்குத் திரும்புகிறது. ஆப்பிரிக்க யானைக்குத் தோளை மறைக்கும் அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள், ஆசிய யானைக்குச் சிறிதாக.

அடுத்து, அது எதைக் கேட்கக் காத்திருக்கிறது என்று பாருங்கள். பூனையின் காதைத் திருப்ப முப்பதுக்கும் மேற்பட்ட தசைகள் இருக்கின்றன. இரு காதுகளும் தனித்தனியே திரும்பும். அதனால் இரண்டையும் நேராக நிறுத்தினால் பொம்மைதான் வரும். ஒன்றை மட்டும் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், பூனை ஒட்டுக்கேட்கத் தொடங்கிவிடும். மேயும் மானுக்கும் இதே வழி. குதிரையின் காதுகள் பின்னால் படிந்தால் அது கோபம்.

மண்ணுக்குள் வாழும் அகழெலிக்கு மடலே வேண்டாம், தோண்டும்போது இடைஞ்சல். சீல் என்னும் கடல் விலங்குக்கும் மடல் கிடையாது, கடற்சிங்கத்துக்குச் சிறிதாக உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்ட அந்த ஒரு சிறு கோடு போதும்.

எல்லோரும் ஏமாறுவது ஆந்தையிடம். சில ஆந்தைகளின் தலையில் நிற்பவை வெறும் இறகுக் கொத்துகள், காதல்ல. உண்மையான காதுத்துளைகள் முகத்தின் இருபுறமும் இறகுக்குள் மறைந்திருக்கின்றன. கூகை என்னும் ஆந்தைக்கு அவற்றில் ஒன்று சற்று மேலே, மற்றது கீழே. ஒலி இரண்டிலும் ஒரே மாதிரி விழாததால், இருட்டில் எலி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுகூட அதற்குத் தெரிந்துவிடும். ஆகவே கூகைக்குக் காதே வரையாதீர்கள். முகத்தை மட்டும் தட்டுப்போல, இதய வடிவில் போடுங்கள். ஒலியைக் குவித்துத் தருவது அந்த முகம்தான்.

நாய்க்குத் தொங்கும் காது போடலாம், தடையில்லை. அது மனிதரோடு பழகி வளர்ந்ததில் வந்தது. காட்டில், யானையை விட்டால், தொங்கும் காது அரிது. ஓநாய்க்கு யாராவது காதைத் தொங்கவிட்டால், உடனே ரப்பரை நீட்டிவிடுவேன்.