வார்ப்பு ஈயக் குண்டு: எந்தத் தூரத்துக்கு எந்த மூக்கு?

இலக்குத் தாளில் துளைகள் சிதறி விழுந்தால் பலரும் முதலில் குண்டின் மூக்கைத்தான் குறை சொல்கிறார்கள். 25 மீட்டருக்குள் கைத்துப்பாக்கியால் சுடுகிறவர்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் வீண்பழி. அந்தத் தூரத்தைக் குண்டு கடக்கிற நேரத்தில், மூக்கு தட்டையோ உருண்டையோ, காற்று அதைப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது.

அதனால் முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அதுதான். ஓரத்தில் சின்னச் சில்லு போயிருந்தாலும் பின்னாலிருந்து பீறிடும் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு குண்டைச் சாய்த்துவிடும். மூக்கில் லேசான சுருக்கம் இருந்தால் பரவாயில்லை, அடிப்பக்கத்தில் இருந்தால் ஓரமாக எடுத்து வையுங்கள். அப்புறம் தடிமன்: குழலின் வரிப்பள்ள விட்டத்தைவிட (குழலுக்குள் சுழலாக வெட்டிய பள்ளங்களின் அடியில் அளந்த விட்டம்) அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருப்பது நல்ல தொடக்கம். ரிவால்வர் என்றால், தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளையான சிலிண்டரில் துளையின் முன்வாயையும் அளக்க வேண்டும், அது குழலைவிட இறுக்கமாக இருந்தால் அங்கேயே குண்டு ஒடுங்கிவிடும், பிறகு எந்த மூக்கு வைத்தும் பயனில்லை.

இதெல்லாம் சரி என்றால் வடிவத்துக்கு வரலாம். 25 மீட்டர் தாள் இலக்குக்கு வாட்கட்டர் என்ற வடிவத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. முகம் முழுக்கத் தட்டை என்பதால் தாளில் பஞ்ச் மெஷின் குத்தியதுபோல வட்டமாக வெட்டுகிறது, கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற சண்டையே வராது. .38 ஸ்பெஷல் தோட்டாவில் 148 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) வாட்கட்டர் காலங்காலமாகப் போட்டிக்காரர்கள் நம்புகிற குண்டு. நல்ல துப்பாக்கியில் 50 கெஜம் வரைகூட ஒழுங்காகப் போகும். அதைத் தாண்டினால் நம்பாதீர்கள்: மெதுவாகப் போகிற குண்டு, காற்றை நெஞ்சால் தள்ளுகிற முகம், வேகம் குறையக் குறைய சில துப்பாக்கிகளில் தள்ளாடத் தொடங்கிவிடும்.

25, 50 கெஜம் இரண்டிலும் ஒரே குண்டு வேண்டும் என்றால் செமி-வாட்கட்டர். தட்டை முனை, பின்னால் கூர்மையான தோள். துளையும் சுத்தம், பறப்பதும் பரவாயில்லை. .45 பிஸ்டலில் 200 கிரெய்ன் செமி-வாட்கட்டருக்கு இருக்கும் பெயர் சும்மா வந்ததல்ல. ஒரே தொந்தரவு, சில பிஸ்டல்களில் அந்தத் தோள், தோட்டா உட்காரும் அறைக்குள் ஏறும்போது சிக்கும். அங்கே உருண்டை மூக்கு தயங்காமல் ஏறும், ஆனால் தாளைக் கிழித்து வைக்கும்.

100 மீட்டருக்கு மேலே கணக்கே வேறு. உலோக உருவங்களைச் சுடும் கைத்துப்பாக்கி சில்ஹவுட் போட்டியில் கோழி 50 மீட்டரில், ஆட்டுக்கடா 200 மீட்டரில் நிற்கும். கடாவைத் தட்டிவிட எடையும் வேண்டும், வேகமும் மிஞ்ச வேண்டும். அதனால் நீண்ட மூக்கும் சின்னத் தட்டை முனையும் உள்ள கனமான குண்டு என் தேர்வு. ஆனால் நீளம் கூடினால் அதை நிலைப்படுத்த அதிகச் சுழற்சி தேவை, உங்கள் குழலின் முறுக்கு (வரிப்பள்ளங்கள் எவ்வளவு நெருக்கமாகச் சுழல்கின்றன என்பது) அதற்குப் போதுமா என்பதைச் சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு மணல்மூட்டையில் கையைத் தாங்கி, ஒவ்வொரு வடிவத்திலும் ஐந்தைந்து குண்டுகளாகச் சில தொகுதிகள் சுடுங்கள். 25-இல் ஜெயித்த குண்டு 50-இலும் ஜெயிக்கும் என்று எண்ண வேண்டாம், தொலைவிலும் தாள் வையுங்கள். துளை நீள்வட்டமாக இருந்தால் குண்டு பக்கவாட்டில் திரும்பி வந்திருக்கிறது. அந்தக் குண்டை அந்தத் தூரத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.