பென் டிரைவைக் கழற்றும் முன் செய்கிற தவறுகள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுக்க வருகிறவர்கள், தாள் கைக்கு வந்ததும் பென் டிரைவை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். லைட் மினுங்கும்போது கழற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய தவறுகள் இருக்கின்றன.

"இப்போதெல்லாம் இஜெக்ட் தேவையில்லை"

கழற்றும் முன் பென்னை விடுவிக்கும்படி கம்ப்யூட்டரிடம் சொல்வதுதான் இஜெக்ட். அது தேவையில்லை என்ற இந்த அரைகுறைப் பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. 2018 இல் வந்த விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பிலிருந்து 'குயிக் ரிமூவல்' தானாகவே அமைந்திருக்கிறது. எழுத வேண்டியதை ரேமில் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகத்தில்) தேக்கி வைக்காமல் உடனே பென்னில் எழுதிவிடும். அதற்கு முந்திய பதிப்புகளில் இருந்தது 'பெட்டர் பெர்போமன்ஸ்'. அதிலும் லினக்ஸிலும் கொப்பி முடிந்ததாகக் காட்டிய பிறகும் பைலின் ஒரு பகுதி ரேமில் கிடக்கலாம். அப்போது இழுத்தால் பைலின் பெயர் இருக்கும், திறந்தால் பாதிப் படம் சாம்பல் நிறம். 'கட்' செய்து 'பேஸ்ட்' செய்திருந்தால் மூலப் பைலும் இல்லை.

குயிக் ரிமூவல் இருந்தாலும், வேர்ட் பைலைப் பென்னிலேயே திறந்து திருத்துகிறவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. பென்கள் பெரும்பாலும் எப்ஏடி32 அல்லது எக்ஸ்பெட் என்ற பைல் சேமிப்பு முறையில் இருக்கும். நடக்கும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதி, விண்டோஸின் இன்னொரு சேமிப்பு முறையான என்டிஎப்எஸ்ஸில் இருப்பதுபோல், இவற்றில் இல்லை. சேவ் ஆகும்போது இழுத்தால் அந்தப் பைலோடு மற்றவையும் கெடலாம்.

டெஸ்க்டொப்புக்குக் கொப்பி செய்து திருத்துங்கள். சேவ் செய்து, பைலை மூடி, திரும்பப் பென்னுக்குக் கொப்பி செய்யுங்கள். பிறகு டாஸ்க்பாரின் வலது மூலையில் யூஎஸ்பி ஐகனை அழுத்தி இஜெக்ட் கொடுத்து, கழற்றலாம் என்ற அறிவிப்பு வந்ததும் கழற்றுங்கள்.

இஜெக்ட் கொடுக்கும்போது பென் பாவனையில் இருப்பதாகச் சொன்னால்

திறந்திருக்கும் பைல்களையும் போல்டர்களையும் மூடிப் பாருங்கள். அப்படியும் விடாவிட்டால் விண்டோஸ் நடப்பவற்றைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 225 என்ற எண்ணைத் தேடுங்கள். எந்த புரோகிராம் பிடித்திருக்கிறது என்பது அதில் இருக்கும். கடைசி வழி ஷட்டவுன். ஸ்லீப் போதாது.

எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க்

இஜெக்ட் ஆனாலும் உள்ளே தட்டு நிற்கச் சில நொடி ஆகும். அதுவரை தூக்காதீர்கள்.

இடி மழை நேரம்

கரண்ட் திடீரென்று போகலாம். அப்போது மின்சாரம் தரும் யூபிஎஸ் இல்லாத மெஷினில் கட்-பேஸ்ட் வேண்டவே வேண்டாம். கொப்பி மட்டும்.

"போர்மட் செய்யவா?"

பென்னைச் செருகியதும் விண்டோஸ் இப்படிக் கேட்டால் கேன்சல் கொடுங்கள். அந்தப் பென்னில் புதிதாக எதையும் எழுதாமல், முதலில் ரிகவரி சொஃப்ட்வெயரால் பைல்களை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். பழுது பார்ப்பதும் போர்மட் செய்வதும் அதற்குப் பிறகுதான்.