பிரைமரியில் வாக்களிக்க, போட்டியிட: கட்சிப் பதிவு முதல் கையெழுத்து மனு வரை

அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, வாக்காளர் பட்டியலிலும் பெயரைச் சேர்த்துக்கொண்டு, கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலான பிரைமரி நாளன்று ஆர்வமாக வாக்குச்சாவடிக்குப் போனால், "உங்கள் பெயர் இருக்கிறது, ஆனால் நீங்கள் எந்தக் கட்சியிலும் பதிவாகவில்லை" என்று சொல்லிப் பல மாநிலங்களில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிவுப் படிவத்தில் கட்சி என்று ஒரு கட்டம் இருக்கும், "நமக்கு எதற்கு கட்சியெல்லாம்" என்று அதைக் காலியாக விட்டிருப்போம், அவ்வளவுதான் காரணம். இந்த ஒரு கட்டத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் அமெரிக்காவில் பல தொகுதிகளில் ஒரே கட்சிதான் காலங்காலமாக ஜெயிக்கிறது, அங்கெல்லாம் பிரைமரியில் ஜெயித்தவர் நவம்பர் பொதுத்தேர்தலில் பாதி மூச்சில் ஜெயித்துவிடுவார். இந்தியாவில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கும். இங்கே அந்த வேலை வாக்காளர் கையில் இருக்கிறது, அதை நாமாக விட்டுவிடக் கூடாது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டிலோ எச்1பி-யிலோ இருப்பவர்கள் வாக்காளராகப் பதியவே கூடாது. டிஎம்வி-யில் ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே "வாக்காளராகப் பதிய விருப்பமா" என்று கேட்பார்கள், 1993-ல் வந்த மத்தியச் சட்டப்படி அது வழக்கமான கேள்வி. அவசரத்தில் ஆமாம் என்று தட்டிவிட்டால், குடிமகன் என்று பொய் சொன்னதாக அது பிற்பாடு குடியேற்ற வழக்கில் வந்து நிற்கும், நாடு கடத்தல் வரைக்கும் போகலாம். குடியுரிமைச் சத்தியம் எடுத்த பிறகு பதியுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

சரி, குடிமகன் ஆகிவிட்டீர்கள். இனி உங்கள் மாநிலம் எந்த ரகம் என்று பார்க்க வேண்டும். ஐம்பது மாநிலத்துக்கும் ஒரே விதி என்று எதுவும் இல்லை.

நியூயார்க் மிகக் கறாரான மாநிலம். அங்கே கட்சியில் பதிந்தவர் மட்டும்தான் அந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கலாம். ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் கட்சி மாறவோ புதிதாகக் கட்சியில் சேரவோ விரும்பினால் பிப்ரவரி 14-க்குள் படிவம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், தாண்டிவிட்டால் ஜூன் பிரைமரி முடிந்த பிறகுதான் அந்த மாற்றம் நடைமுறைக்கு வரும். முன்பு இதைவிட மோசம். 2016 ஏப்ரல் பிரைமரிக்கு முந்தைய வருட அக்டோபரிலேயே கெடு முடிந்துவிட்டது, டிரம்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும்கூட அதைத் தவறவிட்டதால் சொந்த அப்பாவுக்கு வாக்களிக்க முடியவில்லை. அவர்களுக்கே அப்படி என்றால் வேலைக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கும் மற்றவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

புளோரிடாவும் பென்சில்வேனியாவும்கூடக் கட்சிக்காரர்களுக்கு மட்டும்தான் வாசலைத் திறக்கும். புளோரிடாவில் கட்சி மாற 29 நாள் முன்னதாகவும், பென்சில்வேனியாவில் 15 நாள் முன்னதாகவும் முடித்திருக்க வேண்டும். புளோரிடாவில் இன்னொன்று கவனியுங்கள்: கட்சி இல்லாதவர்களும் ஆகஸ்ட் பிரைமரிக்குப் போகலாம், பள்ளி வாரியம், நீதிபதி போன்ற கட்சி சாராத பதவிகளுக்கு வாக்கு உண்டு. நியூஜெர்சி இடைப்பட்ட ரகம். எந்தக் கட்சியிலும் இல்லாதவர் அன்றைக்கே சாவடியில் கட்சியைச் சொல்லி வாக்களிக்கலாம், ஆனால் ஒரு கட்சியில் இருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவருக்கு 55 நாள் கெடு. கொலராடோவில் கட்சி சாராதவர்களுக்கு இரண்டு கட்சியின் வாக்குச்சீட்டும் தபாலில் வீட்டுக்கே வரும், ஒன்றைத்தான் நிரப்பி அனுப்ப வேண்டும், இரண்டையும் அனுப்பினால் இரண்டுமே செல்லாது.

டெக்சாஸில் கட்சிப் பதிவு என்பதே கிடையாது. மார்ச் பிரைமரியன்று எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று நீங்களே கேட்டு வாங்கலாம். ஆனால் வாங்கிவிட்டால் அந்த வருடம் முழுக்க அந்தக் கட்சிக்காரர்தான், மே மாத மறுசுற்றில் மற்றக் கட்சிப் பக்கம் போக முடியாது. யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காதபோது வருவதுதான் அந்த மறுசுற்று.

கலிபோர்னியாவில் 2012-லிருந்து காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), மாநிலச் சட்டமன்றம் போன்ற பதவிகளுக்கு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில் வருகிறார்கள், முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பருக்குப் போகிறார்கள். அங்கே கட்சிப் பதிவு தேவையில்லை என்று நினைத்துவிட வேண்டாம், அதிபர் பிரைமரி மட்டும் பழைய மாதிரியேதான். 2024-ல் கட்சி சாராத வாக்காளர் ஜனநாயகக் கட்சிச் சீட்டைத் தனியாகக் கேட்டு வாங்கலாம் என்றும், குடியரசுக் கட்சிச் சீட்டுக்கு அந்தக் கட்சியிலேயே பதிந்திருக்க வேண்டும் என்றும் இருந்தது. இன்னொரு பொறி: "நான் யாரையும் சாராதவன்" என்று நினைத்துக்கொண்டு 'அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் பார்ட்டி' என்ற கட்டத்தில் டிக் அடித்தவர்கள் ஏராளம். அது தனியாக ஒரு கட்சி. கட்சியே வேண்டாம் என்றால் 'நோ பார்ட்டி பிரிஃபரன்ஸ்' என்பதைத்தான் குறிக்க வேண்டும். ஓரிகனில் டிஎம்வி தானாகவே உங்களைக் கட்சி இல்லாதவராகப் பதிந்துவிட்டு வீட்டுக்கு ஓர் அட்டை அனுப்பும், விளம்பரக் கடிதம் என்று அதைக் குப்பையில் போட்டால் இரண்டு பெரிய கட்சிகளின் பிரைமரியும் கை நழுவிவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. உங்கள் மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் தளத்துக்குப் போங்கள் (எது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் வோட்.கவ் வழியாகப் போகலாம்), பெயரும் பிறந்த தேதியும் கொடுத்தால் உங்கள் பதிவு வரும். அதில் முகவரியை மட்டும் பார்த்து மூடிவிடாமல் கட்சி என்ற வரியையும் பாருங்கள். வீடு மாறியிருந்தால் இரண்டு மடங்கு கவனம். மாற்ற வேண்டும் என்றால் அன்றே மாற்றுங்கள், தபாலில் அனுப்பினால் பல இடங்களில் நீங்கள் அனுப்பிய தேதி கணக்கில் வராது, போய்ச் சேர்ந்த தேதிதான் கணக்கு. கட்சியில் பதிவதால் சந்தா எதுவும் கிடையாது, நவம்பரில் அந்தக் கட்சிக்கே வாக்களிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நீங்கள் எந்தக் கட்சி என்பது பல மாநிலங்களில் பொது ஆவணம், அதை மட்டும் தெரிந்து வைத்திருங்கள்.

இனி போட்டியிட நினைப்பவர்களுக்கு. நம்மவர்கள் நிறையப் பேர் வர வேண்டும் என்பது என் ஆசை. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2000-ல் குடியுரிமை பெற்று 2016-ல் காங்கிரஸுக்குத் தேர்வானார். பிரதிநிதிகள் சபைக்கு 25 வயதும் 7 வருடக் குடியுரிமையும் வேண்டும், செனட்டுக்கு 30 வயதும் 9 வருடமும். அதிபர், துணை அதிபர் பதவிகள் மட்டும்தான் பிறவிக் குடிமக்களுக்கானவை.

அடுத்து நீங்கள் அந்தக் கட்சிக்காரர்தானா என்ற கேள்வி. புளோரிடாவில் வேட்புமனுக் காலம் தொடங்குவதற்கு முன் 365 நாள் அந்தக் கட்சியில் பதிவாகி இருந்ததாகச் சத்தியம் செய்ய வேண்டும். அதாவது போட்டியிடும் எண்ணம் வருவதற்கு முன்னாலேயே பதிவு சரியாக இருக்க வேண்டும்! நியூயார்க்கில் கட்சியில் இல்லாதவர் அந்தக் கட்சியின் பிரைமரியில் நிற்க, கட்சிக் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். 1947-லிருந்து இருக்கும் வில்சன்-பகூலா சட்டம் அது.

வாக்குச்சீட்டில் பெயர் வர, பணம் கட்டுவது ஒரு வழி, வாக்காளர்களிடம் கையெழுத்து சேர்ப்பது இன்னொரு வழி, சில இடங்களில் இரண்டும். டெக்சாஸில் பிரதிநிதிகள் சபை வேட்பாளருக்கு 3,125 டாலர் அல்லது 500 கையெழுத்து. புளோரிடாவில் கட்சி வேட்பாளர் பதவியின் ஆண்டுச் சம்பளத்தில் 6 சதவீதம் கட்ட வேண்டும், காங்கிரஸ் சம்பளம் 1,74,000 என்பதால் 10,440 டாலர். பணம் இல்லாதவருக்கு வேறு வழியே விடாமல் கட்டணத்தை மட்டும் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1974-ல் கலிபோர்னியா வழக்கில் சொல்லியிருக்கிறது, அதனால் கையெழுத்து வழியைத் தயங்காமல் கேளுங்கள்.

நியூயார்க் கையெழுத்துத் தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மேலே வேட்பாளர் பெயர், பதவி, முகவரி. கீழே வரிசை வரிசையாகத் தேதி, கையெழுத்து, முகவரி, ஊர். நியூயார்க் நகரமாக இருந்தால் ஊர் என்ற இடத்தில் கவுன்ட்டியின் (மாவட்டம் மாதிரி) பெயரை எழுத வேண்டும், புரூக்ளின் வாசி 'கிங்ஸ்' என்று போட வேண்டும். அடியில் சாட்சியின் வாக்குமூலம், அதில் இந்தத் தாளில் எத்தனை கையெழுத்து என்று எண்ணி எழுத வேண்டும், சாட்சியும் அதே கட்சியில் பதிந்தவராகவோ நோட்டரியாகவோ இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் அதே தொகுதி, அதே கட்சி. அவர் அதே பதவிக்கு வேறொருவர் தாளிலும் போட்டிருந்தால் முந்தைய தேதிதான் செல்லும், ஒரே தேதி என்றால் இரண்டுமே போச்சு. அதனால் முதல் வாரத்திலேயே தெருவில் இறங்குங்கள், கட்சிவாரி வாக்காளர் பட்டியலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீடுகளை மட்டும் தட்டுங்கள். கடைவாசலில் நின்று போகிற வருகிறவர்களிடம் வாங்கினால் பாதி தேறாது.

தேவையைப் போல இரண்டு மடங்கு சேர்க்கச் சொல்வார்கள், குறைந்தது அதைச் செய்யுங்கள். 2012 அதிபர் பிரைமரிக்கு வர்ஜீனியா 10,000 கையெழுத்து கேட்டது, ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதியிலும் 400. அந்த மாநிலத்திலேயே குடியிருந்த குடியரசுக் கட்சி வேட்பாளர் நியூட் கிங்ரிச்சால் அதை எட்ட முடியவில்லை, ராம்னியும் ரான் பாலும் மட்டுமே சீட்டில் வந்தார்கள். அதே வருடம் மிச்சிகனில் 5 முறை காங்கிரஸ் உறுப்பினராக இருந்த தாடியஸ் மெக்காட்டருக்கு வேண்டியது 1,000 கையெழுத்துதான். அவர் ஆட்கள் பழைய மனுக்களை நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள், தேறியது 244. 2022-ல் அதே மாநிலத்தில் ஆளுநர் பதவிக்கு நின்ற 5 குடியரசுக் கட்சிக்காரர்கள் கூலிக்குக் கையெழுத்து சேர்த்தவர்களின் போலிக் கையெழுத்துகளால் வெளியேறினார்கள். காசு கொடுத்து ஆள் வைத்தாலும் ஒவ்வொரு தாளையும் நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் சமர்ப்பிக்காதீர்கள்.

சமர்ப்பித்த பிறகும் எதிராளி ஆட்சேபிக்கலாம். நியூயார்க்கில் 3 நாளில் ஆட்சேபம் வந்துவிடும், பென்சில்வேனியாவில் 7 நாளுக்குள் நீதிமன்றத்தில். இது சின்ன விஷயம் இல்லை. 1996-ல் இலினாய் மாநில செனட் பிரைமரியில் ஒபாமா மற்ற வேட்பாளர்களின் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்து ஆட்சேபித்து, கடைசியில் போட்டியே இல்லாமல் நின்றார். தேர்தல் சட்டம் தெரிந்த வழக்கறிஞரை மனுவைக் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

காங்கிரஸ் வேட்பாளர் 5,000 டாலருக்கு மேல் வசூலித்தாலோ செலவழித்தாலோ மத்தியத் தேர்தல் ஆணையத்திலும் 15 நாளில் பதிய வேண்டும். அந்தப் பதிவு கிடைத்ததும் சீட்டில் பெயர் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பணக் கணக்குக்கு மட்டும். வாக்குச்சீட்டு முழுக்க மாநிலத்தின் பொறுப்பு.

கடைசியாக, தோற்றால் என்ன என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் பிரைமரியில் தோற்றவர் அதே நவம்பரில் சுயேச்சையாக நிற்க முடியாது, டெக்சாஸிலும் அப்படித்தான். கனெக்டிகட்டில் அந்தத் தடை இல்லை, 2006-ல் ஜோ லீபர்மன் பிரைமரியில் தோற்று, தனியாக மனுப் போட்டு நின்று செனட் பதவியைத் தக்கவைத்தார். சுயேச்சை மனுவுக்கும் கையெழுத்தும் கெடுவும் உண்டு. கட்சிச் சீட்டா, சுயேச்சையா என்பதை அந்தத் தேதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் தாளை அச்சடிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.